வழக்கம் என்று சொல்லிவிட்டால் கேள்வி முடிந்துவிடுமா?

கூடலூரைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒருவரின் கேள்வி இது: "ஐயா, அறம் ஊருக்கு ஊர் மாறுகிறது, காலத்துக்குக் காலம் மாறுகிறது. ஒரு சமூகம் சரி என்பதை இன்னொரு சமூகம் பாவம் என்கிறது. அப்படியிருக்க, யாரும் யாரையும் தவறு என்று சொல்ல முடியாது என்கிறான் என் விடுதி அறை நண்பன். இதைப் பற்றி ஆறு மாதமாக இணையத்தில் முகம் தெரியாத பலரோடு வாதிட்டேன். ஒருவர்கூட அசையவில்லை, நானும் அசையவில்லை. தத்துவம் பேசுவதே வீண் வேலையா?"

தம்பி, உங்கள் நண்பர் சொல்வதில் பாதி உண்மை. அந்தப் பாதியை மனதார ஒப்புக்கொண்ட பிறகுதான் மறுபாதியைத் தொட வேண்டும். நான் தத்துவத்தில் முதுகலை படித்துவிட்டுக் கோத்தகிரிப் பக்கத்தில் 31 ஆண்டுகள் பள்ளி ஆசிரியராக இருந்தவன். வழக்கங்கள் வேறுபடும் என்பதை இந்த மலையில் வாழ்கிறவனுக்குப் புத்தகம் சொல்லித்தர வேண்டியதில்லை. தோடர், கோத்தர், படுகர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர், சமவெளியிலிருந்து பிழைப்புக்கு வந்தவர்கள், இலங்கையிலிருந்து திரும்பியவர்கள் என்று ஒரே மலையில் எத்தனை வகை மனிதர்கள்! எருமையையே எடுத்துக்கொள்ளுங்கள். தோடருக்கு அது தெய்வத்தோடு சேர்ந்த உயிர், பால்மனையே அவர்களுக்குக் கோயில். எருமை இறைச்சியை அவர்கள் உண்பதில்லை. ஆனால் அவர்களுடைய இறப்புச் சடங்கில் பலியிடப்பட்ட எருமையின் உடலைப் பழைய நாளில் கோத்தர்கள் பெற்றுக்கொண்டு உண்டார்கள். அந்தச் சடங்குக்கு இசை வாசித்தவர்களும் கோத்தர்களே. ஒருவருக்கு ஆகாதது இன்னொருவருக்கு உணவு. இரு தரப்பும் பல தலைமுறைகள் அடுத்தடுத்து வாழ்ந்திருக்கின்றன.

இதைவிட அழுத்தமான உதாரணம் ஒன்று உண்டு. டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் 1901-02இல் நீலகிரியில் தங்கித் தோடர்களைப் பற்றி எழுதிய பெரிய நூல் 1906இல் வெளிவந்தது. ஒரு பெண்ணை மணந்தால் அவள் கணவனின் சகோதரர்களுக்கும் மனைவியாவாள் என்பது அன்றைய வழக்கம். அப்படியானால் பிறக்கும் குழந்தைக்கு யார் தந்தை? அதற்கு ஒரு சடங்கு வைத்திருந்தார்கள். மனைவி கருவுற்று ஏறக்குறைய ஏழாம் மாதத்தில் கணவர்களில் ஒருவர் அவள் கையில் சிறிய வில்லும் அம்பும் கொடுப்பார். காட்டுக் குச்சியை வளைத்த வில், புல்லால் ஆன அம்பு. கொடுத்தவரே தந்தை. வேறொருவர் வில் கொடுக்கும்வரை அடுத்தடுத்துப் பிறக்கும் குழந்தைகளுக்கும் அவரே தந்தை, அவர் இறந்துபோயிருந்தாலும்கூட. அந்தத் திருமண முறை மறைந்துவிட்டது, வில் கொடுக்கும் சடங்கு நிற்கிறது.

முதல் முறை இதைப் படித்தபோது எனக்குத் தலை சுற்றியது. தகப்பன் யார் என்பதை உடல் தீர்மானிக்கிறது என்று அதுவரை நம்பியிருந்தேன். இங்கே ஒரு வில் தீர்மானிக்கிறது. உங்கள் நண்பர் இதைக் கையில் எடுத்தால், "பார்த்தீர்களா, தகப்பன் என்ற சொல்லுக்கே பொருள் மாறுகிறது" என்பார். நான் மறுபடி மறுபடி அந்தப் பக்கங்களைப் படித்தேன். கொஞ்சம் கொஞ்சமாக வேறொன்று தெரிந்தது. பிறக்கும் எந்தக் குழந்தைக்கும் இவர்தான் தந்தை என்று ஊரறிய ஒருவர் இருக்க வேண்டும், குழந்தை ஆதரவில்லாமல் நிற்கக் கூடாது. அந்தச் சடங்கு இதற்காகத்தான். நம் ஊரில் தாலி கட்டி, மண்டபத்தில் ஊரைக் கூட்டிச் செய்யும் காரியத்தை அவர்கள் குச்சி வில்லால் செய்தார்கள். வழி வேறு, கவலை ஒன்றே.

இந்த இடத்தில்தான் நண்பரின் வாதம் தளரத் தொடங்குகிறது. 2,400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதிய நிகழ்ச்சியை உங்களுக்கும் யாராவது வாதத்தில் வீசியிருப்பார்கள். பாரசீக மன்னன் டேரியஸ் தன் அவையிலிருந்த கிரேக்கர்களிடம், எவ்வளவு பணம் கொடுத்தால் இறந்த தந்தையின் உடலை உண்பீர்கள் என்று கேட்டான். எவ்வளவு கொடுத்தாலும் மாட்டோம் என்றார்கள். பெற்றோரின் உடலை உண்ணும் வழக்கமுள்ளவர்களாகச் சொல்லப்பட்ட கல்லாத்தியர் என்ற இந்தியக் கூட்டத்தாரிடம், எவ்வளவு கொடுத்தால் எரிப்பீர்கள் என்று கேட்டான். அவர்கள் அப்படிப் பேசவே வேண்டாம் என்று அலறினார்கள். வழக்கமே எல்லாருக்கும் அரசன் என்று முடிக்கிறார் ஹெரோடோட்டஸ். வழக்கம் வேறுபடுவதற்குச் சான்றாக எல்லாரும் இதைக் காட்டுகிறார்கள். இரு கூட்டத்தாரும் எதைக் கேட்டுப் பதறினார்கள் என்பதை யாரும் கவனிப்பதில்லை. பெற்றவர்களின் உடலுக்கு அவமரியாதை செய்யச் சொல்கிறானே என்றுதான் இருவரும் பதறினார்கள். அதற்குப் பணம் வாங்க இருவருமே மறுத்தார்கள்.

எல்லா வேறுபாட்டையும் இப்படிக் கரைத்துவிட முடியும் என்று நான் சொல்லவில்லை. சில வேறுபாடுகள் அடிவரை வேறுபாடுகளே. ஆனால் வேறுபாடு இருப்பதால் உண்மை இல்லை என்று ஆகாது. இதே மலையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மலைச் சரிவுகளில் வரும் காய்ச்சலுக்கு ஒரு காலத்தில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கெட்ட காற்று என்றார்கள், சதுப்பு நிலத்து ஆவி என்றார்கள். 1897இல் ரொனால்ட் ராஸ் ஊட்டிக்கு வந்து சீகூர் மலைப்பாதைப் பக்கம் ஆராய்ந்தபோது அவருக்கே மலேரியா வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்டார். அதுவரை மக்கள் கருத்து வேறுபட்டார்கள் என்பதற்காக, காரணமே இல்லை என்று யாரும் முடிவு கட்டவில்லை.

உங்கள் நண்பர் கெட்டிக்காரர் என்றால் உடனே கேட்பார்: "கொசுவை நுண்ணோக்கியில் காட்டலாம். அறத்தை எந்த நுண்ணோக்கியில் காட்டுவீர்கள்?" நல்ல கேள்வி. ஜே. எல். மேக்கி என்ற தத்துவ ஆசிரியர் 1977இல் ஏறக்குறைய இதைத்தான் கேட்டார். உலகத்தில் உள்ள மற்ற எந்தப் பொருளையும் போல் இல்லாத விசித்திரப் பொருளாக அறம் இருக்க வேண்டியிருக்கிறதே என்றார். இதை ஒரு வரியில் முடித்துவிட்டேன் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். என் பதில் இவ்வளவுதான்: அறத்தில் நாம் தேடுவது ஒளிந்திருக்கும் ஒரு பொருளை இல்லை. ஒரு செயலின் சுமை யார் தலையில் இறங்குகிறதோ, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடிய காரணம் உண்டா என்று தேடுகிறோம். அந்தத் தேடலில் சரியும் உண்டு, பிழையும் உண்டு, முன்னேற்றமும் உண்டு.

சுமை யார் தலையில் இறங்குகிறது என்ற கேள்வியைக் கேட்டவுடன் "சமூகம் சரி என்கிறது" என்ற சொற்றொடரே ஆட்டம் காணும். பெண் சிசுக் கொலையை எடுத்துக்கொள்வோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீலகிரிக்கு வந்த வெள்ளையர்கள் தோடர்களிடம் இது இருந்ததாக எழுதி வைத்தார்கள். அதை வைத்து மலைவாசிகளை இழித்துப் பேசிய சமவெளிக்காரர்களை நான் கேட்டிருக்கிறேன். உசிலம்பட்டியிலும் சேலத்திலும் தர்மபுரியிலும் 1980களில் என்ன நடந்தது? தமிழ்நாடு அரசு 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைக் கொண்டுவந்தது யாருக்காக? அங்கும் "எங்கள் பக்கம் இது வழக்கம்" என்றார்கள். அப்படிச் சொன்னவர் யார்? பெற்றவளா, அவள் மாமியாரா, வெளித் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆண்களா? சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதவளும் அந்தச் சமூகம்தானே? சமூகம் ஒரே வாயால் பேசுவதில்லை. சரியும் தவறும் அந்தந்தச் சமூகத்தின் வழக்கத்தைப் பொறுத்தவை என்ற உங்கள் நண்பரின் கொள்கைக்குச் சார்புவாதம் என்று பெயர். அது எப்போதும் உரத்துப் பேசுகிறவரின் குரலைச் சமூகத்தின் குரலாக எடுத்துக்கொள்கிறது. என்னை மிகவும் கோபப்படுத்தும் இடம் இதுதான்.

சார்புவாதம் பிறருக்கு மரியாதை தருகிறது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. நானும் அதை நம்பிக்கொண்டிருந்தேன். 1988இல் என் தங்கையின் திருமணத்துக்காக வருங்கால வைப்பு நிதியில் கடன் கேட்டு ஆசிரியர் அறையில் உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் படுகர் சமூகத்தைச் சேர்ந்த சக ஆசிரியர். என்னைவிட நான்கு வயது மூத்தவர். மாப்பிள்ளை வீட்டார் கேட்டது 40 பவுனும் ஒரு ஸ்கூட்டரும். தொகையைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "பெண்ணையும் கொடுத்து, பணமும் எதற்கு சார் கொடுக்கிறீர்கள்?" படுகர் மரபில் வரதட்சணை கேட்கும் பழக்கம் கிடையாது. அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. "எங்கள் பக்கம் அதுதான் சார் வழக்கம்" என்றேன். அவர் தலையசைத்துவிட்டு, என் பேனாவில் மை தீர்ந்திருந்ததைப் பார்த்துத் தன் பேனாவைக் கொடுத்தார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

அன்று எனக்கு நிம்மதியாக இருந்தது. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இலேயே வந்துவிட்டது, எனக்கு அது தெரியாமல் இல்லை. ஆனாலும் "வழக்கம்" என்ற ஒரு சொல் கதவைச் சாத்திவிட்டது. இரண்டு ஆண்டு கழித்து என் திருமணத்தில் நானே 25 பவுன் வாங்கினேன். அந்தச் சக ஆசிரியர் வந்து வாழ்த்தி, சாப்பிட்டுவிட்டுப் போனார். அந்த நகைக்காக வாங்கிய கடனை என் மாமனார் ஒன்பது ஆண்டு அடைத்தார் என்பது, அவர் இறந்த பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியில் இருந்த வட்டிச் சீட்டுகளைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

அந்தச் சக ஆசிரியர் எனக்குக் காட்டியது மரியாதையா? அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை, அவர் நாகரிகமாக நடந்துகொண்டார். ஆனால் அவர் இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாம் என்று இன்றும் ஏங்குகிறேன். "உங்கள் வழக்கம் உங்களுக்கு, எங்கள் வழக்கம் எங்களுக்கு" என்று சொல்லும்போது நான் அவரைத் திருத்த முடியாது என்பது மட்டும் நடப்பதில்லை. அவரிடமிருந்து நான் கற்றுக்கொள்ளவும் முடியாமல் போகிறது. இந்த மலையின் மக்கள் எனக்கு ஒன்றைச் சொல்லித்தர முடியும், அவர்கள் ஒரு விஷயத்தில் என் ஊரைவிட மேலாக நடந்திருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டுமானால், மேல் கீழ் என்ற அளவுகோல் இருந்தாக வேண்டும். சார்புவாதம் அந்த அளவுகோலையே பறித்துவிடுகிறது. பிறகு அவர்களுடைய வழக்கம் எனக்கு வேடிக்கை பார்க்கும் பொருளாகத்தான் மிஞ்சும்.

மனித உரிமை என்பதே மேற்கத்தியச் சரக்கு என்ற வாதத்தையும் எதிர்கொண்டிருப்பீர்கள். அதற்குப் பெரிய வம்சாவளி உண்டு. 1947இல் அமெரிக்க மானுடவியல் சங்கம் ஐ.நா.வுக்கு ஓர் அறிக்கை அனுப்பி, ஒரு பண்பாட்டின் மதிப்பீடுகளை உலகுக்கே பொது என்று எப்படிச் சொல்வீர்கள் என்று எச்சரித்தது. காலனி ஆட்சி முடியாத காலம் அது, அந்த அச்சம் நியாயமானது. ஆனால் அடுத்த ஆண்டு வெளிவந்த உலகளாவிய மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் பிரிவில் "எல்லா ஆண்களும்" என்றும் பொருள்படக்கூடிய ஆங்கிலச் சொல்லை மாற்றி "எல்லா மனிதர்களும்" என்று ஆக்கவைத்தவர் இந்தியப் பிரதிநிதியாகச் சென்ற நம் ஹன்சா மேத்தா. மேற்கின் சொல்லைக் கிழக்கிலிருந்து வந்த ஒரு பெண் திருத்தினார். அதே மானுடவியல் சங்கம் 1999இல் மனித உரிமைகளை ஆதரித்துப் புதிய அறிக்கை வெளியிட்டது. கருத்துகள் அசையவே அசையாது என்று சொல்கிறவர்களுக்கு இது நல்ல பதில். ஆனால் அசைய 52 ஆண்டு ஆனது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. ஆறு மாத வாதம் ஏன் வீணாயிற்று?

நம் நாட்டு நியாயம் என்ற தத்துவ மரபு, விவாதத்தை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது. உண்மையைக் காண இருவர் சேர்ந்து செய்வது வாதம். வெல்வதற்காகச் செய்வது ஜல்பம். தனக்கென்று எந்த நிலைப்பாடும் வைக்காமல் எதிராளி சொல்வதை உடைப்பதை மட்டும் வேலையாகக் கொள்வது விதண்டை. விதண்டாவாதம் என்று நாம் அன்றாடம் சொல்வது இதைத்தான். சார்புவாதம் எப்படி வசதியான ஆயுதமாகிறது என்று இப்போது பாருங்கள். "எல்லாம் அவரவர் பார்வை" என்கிறவர் எதையும் நிறுவ வேண்டியதில்லை, எதையும் இழக்க வேண்டியதும் இல்லை. நீங்கள் எதைச் சொன்னாலும் "அது உங்கள் பார்வை" என்றால் போதும். அவர் சொல்வதும் ஒரு பார்வைதானே, அது மட்டும் எப்படி எல்லாருக்கும் பொதுவான உண்மை ஆயிற்று என்று கேட்கலாம். பிளேட்டோ காலத்துக் கேள்விதான், கூர்மையான கேள்வியும்கூட. ஆனால் அதைக் கேட்டு யாரும் மனம் மாறி நான் பார்த்ததில்லை. வாயடைத்துப்போய் வேறு பேச்சுக்குத் தாவுவார்கள்.

இதற்கு உளவியலிலும் காரணம் சொல்லப்பட்டிருக்கிறது. ஜொனாதன் ஹைட் என்ற அமெரிக்க உளவியல் ஆய்வாளர் 2001இல் எழுதிய கட்டுரையில், நல்லது கெட்டது என்ற தீர்ப்பு மனத்தில் முதலில் சட்டென்று விழுகிறது, காரணங்கள் பிறகு வக்கீலைப் போல் அதற்காக வாதாட வருகின்றன என்றார். வக்கீலோடு வாதிட்டு அவரைக் கட்சி மாறச் செய்ய முடியுமா? ஆனால் அதே கட்டுரையில் அவர் இன்னொன்றும் சொல்கிறார். பிறர் சொல் நம் தீர்ப்பை மாற்றும். முகம் தெரியாத ஒருவர் ஆயிரம் பேர் பார்க்க உங்களை மடக்கும்போது நீங்கள் காப்பாற்றுவது கருத்தை இல்லை, உங்கள் மானத்தை. மணிமேகலையில் இந்திர விழாவுக்கு முரசறைகிறவன் சமயவாதிகளைப் பார்த்துப் பட்டிமண்டபத்தில் பாங்கறிந்து ஏறுங்கள் என்கிறான். பகைவரோடு ஆனாலும் சினமும் பூசலும் செய்யாமல் விலகிப் போங்கள் என்று அடுத்து ஊருக்கே சொல்கிறான். ஏறுவதற்கும் முறை உண்டு, விலகுவதற்கும் முறை உண்டு என்று நம்மவர்கள் அப்போதே அறிவித்திருக்கிறார்கள்.

பலன் தந்த வாதம் ஒன்றை நான் நேரில் பார்த்தேன். ஓய்வுக்குப் பிறகு முக்கால் ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறேன். ஒரு நவம்பர் மாலை, கோத்தகிரிப் பக்கம் விடாத மழை. கொழுந்து எடை போடும் கொட்டகையில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் சிறு வயதில் இலங்கையிலிருந்து வந்த ஓர் அம்மா. அரை ஏக்கர் தோட்டக்காரர். அவர் சாக்கு 31 கிலோ காட்டியது. ஏஜென்ட்டின் ஆள் தண்ணீர்க் கழிவு என்று நான்கு கிலோவைக் கழித்து 27 என்று எழுதப் போனான். "இவ்வளவா?" என்றார் அந்த அம்மா. "மழை நாளில் எல்லா இடத்திலும் நான்குதான். இந்தப் பக்கத்து வழக்கம் அது" என்றான் அவன்.

அவர் சத்தம் போடவில்லை. சாக்கை இறக்கி, கொட்டகை ஓரத்தில் படுதாவை விரித்துக் கொழுந்தைக் கொட்டினார். இரண்டு கையாலும் அள்ளி அள்ளி உதறினார். விரல் நுனிகள் கொழுந்துக் கறையில் கறுத்திருந்தன. சிமெண்ட் தரையில் தண்ணீர் ஓடியது. சாக்கையும் பிழிந்து, மறுபடி கட்டித் தராசில் வைத்தார். 29.5 கிலோ. "ஒன்றரை கிலோ தண்ணீர் இருந்தது தம்பி, அதைக் கழிப்பது நியாயம். உன் அம்மா கொண்டுவந்திருந்தாலும் நான்கு கழித்திருப்பாயா?" என்று கேட்டார். அவன் அவரைப் பார்க்காமல் 29 என்று எழுதினான். அரை கிலோ அப்போதும் போயிற்று. அதற்குள் பின்னால் நின்றவர்கள் இருவர் தங்கள் சாக்குகளைப் பிரிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

கழிவே கூடாது என்று அந்த அம்மா சொல்லவில்லை. ஈரக் கொழுந்தை முழு எடைக்கு வாங்கினால் வாங்குகிறவருக்கு நஷ்டம் என்பது அவருக்குத் தெரியும். எவ்வளவு என்பதுதான் கேள்வி, அதை எல்லாரும் பார்க்க அளந்து காட்டினார். பிறகு அவனை அவன் நின்ற இடத்திலிருந்து நகர்த்தி அவன் தாயின் இடத்தில் நிற்க வைத்தார். மறுநாளும் அவனிடம்தான் கொழுந்து போட வேண்டும், அவனும் அவரிடம்தான் வாங்க வேண்டும். இணையத்தில் உங்களோடு வாதிட்டவர்களுக்கும் உங்களுக்கும் நடுவில் அப்படி ஒரு சாக்கு இல்லை, மறுநாளும் இல்லை. உங்கள் வாதங்கள் தோற்றதற்கு அறத்தில் உண்மை இல்லை என்பது காரணம் இல்லை தம்பி.

ஆகவே முகம் தெரியாதவர்களோடு நடத்தும் வாதத்தை இன்றே விட்டுவிடுங்கள். தத்துவத்தை விட வேண்டாம். அறை நண்பர் வேறு வகை. அவர் உங்களோடு ஒரே தண்ணீர்க் குடத்தில் குடிக்கிறவர். அவரிடம் டேரியஸையும் பிளேட்டோவையும் எடுக்காதீர்கள். விடுதி மெஸ் கணக்கில் உங்கள் இருவரையும் யாராவது ஏமாற்றிவிட்டு, "இங்கே எல்லா ஆண்டும் இப்படித்தான்" என்று சொன்னால் அவர் என்ன செய்வார் என்று கேளுங்கள். பதில் சொல்ல அவருக்கு நேரம் கொடுங்கள். பிறகு, அவர் வீட்டில் அக்காவுக்கோ தங்கைக்கோ திருமணப் பேச்சு நடக்கும்போது, என் சக ஆசிரியர் கேட்காமல் விட்ட இரண்டாவது கேள்வியை நீங்கள் கேளுங்கள்.